எஸ்டோனியாவின் புலிப் பாய்ச்சல்



சோவியத் பிடியிலிருந்து 1991-இல் விடுபட்டபோது எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம்தான். அந்தச் சின்ன நாடு பள்ளிக்கூடங்களைத்தான் பெரிதாக நம்பியது. 1996-இல் அதிபர் லென்னார்ட் மெரி அறிவித்த ‘புலிப் பாய்ச்சல்’ திட்டம் வகுப்பறைகளுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுபோனது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தது. பலரும் மறந்துவிடும் பகுதி இந்தப் பயிற்சிதான்.

எஸ்டோனியர்களின் கணினித் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டு, இணைய அழைப்புச் சேவையான ஸ்கைப். 2003-இல் வந்த அதை நிறுவியவர்கள் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும். மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனிய இளைஞர்கள்.

கற்றதை எஸ்டோனியா பிற நாடுகளோடும் பகிர்ந்துகொண்டது. கடனைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது உதவியாகாது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 2002-இல் தாலின் நகரில் தொடங்கிய மின்னாளுகைக் கழகம், பிற நாட்டு அதிகாரிகளுக்குத் தன் நாட்டின் அனுபவத்தைக் கற்றுக்கொடுத்தது. அரசுத் துறைகளின் தரவுகளைப் பாதுகாப்பாக இணைக்கும் ‘எக்ஸ்-ரோட்’ எஸ்டோனியாவில் 2001-இல் நடைமுறைக்கு வந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு உக்ரைன் தனது ‘டிரெம்பிடா’ தரவு இணைப்பு அமைப்பை உருவாக்கியபோது பணம் ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து வந்தது, கூடவே நின்று உழைத்தவர்கள் எஸ்டோனிய வல்லுநர்கள். நேற்று கை நீட்டிப் பெற்ற நாடு இன்று கை கொடுக்கிறது!

மின்னாளுகையில் மால்டோவா, ஜார்ஜியா போன்ற நாடுகள் நடந்துவரும் பாதையையும் தங்கள் இதழ் விரிவாக எழுத வேண்டும்.

– ஒரு வாசகர்