முதலில் தண்ணீர், பிறகு சீட்டு

கண் அவசரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அறுவை அரங்கம். சுண்ணாம்பு பட்ட கண்ணுக்கு அரங்கம் பிறகுதான். உடனே வேண்டியது குழாய்த் தண்ணீர். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கி விளையாடும்போது அது வெடித்து முகத்தில் பீச்சுகிறது. வெள்ளையடிப்பவர் அண்ணாந்து பார்க்கும்போது கண்ணில் சொட்டுகிறது. இவர்கள் நம் புறநோயாளிப் பிரிவுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனாலும் வரிசையில் நிற்கிறார்கள்.

அமிலம் பெரும்பாலும் புரதத்தை உறையவைத்து, தன் வழியைத் தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும். காரம் அப்படியல்ல. செல் உறையின் கொழுப்பைச் சோப்பாக்கியபடி உள்ளே இறங்கும். அம்மோனியாவின் வேகம் சுண்ணாம்புக்கு இல்லைதான். ஆனால் அது கட்டியாக மேலிமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கரையக் கரையக் காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவே 12-ஐத் தாண்டும்.

இதில் முன்வரிசைப் பணியாளரை ஏமாற்றும் ஒன்று உண்டு. லிம்பஸ் (கருவிழி ஓரம்) ரத்தநாளங்கள் அடைபட்டு வெளுத்த கண், சிவந்த கண்ணைவிட மோசமானது. "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு, உட்காருங்க" என்று டோக்கன் கொடுப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தோம்? பதிவு, பார்வைச் சோதனை, பிறகு மருத்துவர் என்ற ஒழுங்கு மற்றெல்லாருக்கும் சரி. ரசாயனம் பட்டவருக்கு மட்டும் அது தலைகீழாக வேண்டும். "கண்ணில் ஏதாவது பட்டதா, எப்போது?" என்ற கேள்வி பெயர் கேட்பதற்கு முன்பே வரட்டும்.

ஊர் மருத்துவமனைகளில் நடப்பது இன்னும் வருத்தம் தருவது. ரெஃபரல் சீட்டு சில நிமிடங்களில் தயாராகிவிடுகிறது; கழுவாத கண்ணோடு நோயாளி பேருந்து ஏறுகிறார். கழுவுவதற்குக் கண் மருத்துவர் தேவையில்லை. மரப்புச் சொட்டு விட்டு, டிரிப் செட்டில் ரிங்கர் லாக்டேட்டோ சலைனோ ஓடவிட்டால் போதும். இரண்டும் இல்லையா, குழாய்த் தண்ணீர் போதும். குறைந்தது 30 நிமிடம். மேலிமையை இரட்டையாகப் புரட்டி, மடிப்பிலுள்ள துகளைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுக்காமல் எத்தனை பாட்டில் ஓட்டினாலும் வீண். நிறுத்தி 5 முதல் 10 நிமிடம் கழித்து, கீழ் மடிப்பில் பி.எச். தாள் வைத்துப் பார்க்கவேண்டும். 7-க்கும் 7.4-க்கும் இடையில் நிற்கவில்லையென்றால் மறுபடி கழுவல்தான். திமிறும் குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்துக் கழுவுங்கள். இமையைத் திறக்கவே விடாவிட்டால் மயக்கம் கொடுத்துத் துகளை எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டிலேயே ஏன் யாரும் கழுவுவதில்லை? தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், தண்ணீருக்கு மட்டும் பயப்படுகிறார்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு "கண்ணில் தண்ணீர் படக்கூடாது" என்று முகாம்தோறும் நாம் சொன்னதை, கண் நோய் எல்லாவற்றுக்கும் பொதுவான விதியாக ஊர் எடுத்துக்கொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். முகாம்களில் விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்வது நம் பொறுப்பு.

கழுவக் கூடாத கண்ணும் உண்டு. சுத்தியலடியில் இரும்புச் சில்லு தெறித்துக் கிழிந்த விழியில் தண்ணீரும் வேண்டாம், அழுத்திக் கட்டும் பஞ்சும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். விழியைத் தொடாத கவசம் ஒன்று போதும். கவசம் இல்லாத இடத்தில் காகிதக் கோப்பையின் அடிப்பகுதி உதவும். வரிசையில் காத்திருக்கக் கூடாத வேறு கண்களும் உண்டு. தலைவலி, வாந்தியோடு வரும் முதியவருக்கு வயிற்று மருந்து கொடுக்குமுன் கண்ணைப் பாருங்கள். வலியின்றி ஒரு கண் திடீரென்று இருண்டால், அது பக்கவாதப் பிரிவுக்கும் உரிய அவசரம். அறுவை முடிந்த சில நாளில் வலியும் மங்கலும் என்று தொலைபேசியில் சொல்பவரிடம், "ரிவ்யூ தேதிக்கு வாங்க" என்ற பதில் எந்த மேசையிலிருந்தும் போகக் கூடாது.

ரெஃபரல் சீட்டில் இனி மூன்று விவரம் சேர்ப்போம்: கழுவத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடைசி பி.எச். அளவு. அந்த இடம் காலியாக இருந்தால், அனுப்பியவரிடம் அன்றைக்கே போன் செய்து கேளுங்கள். நோயாளியைக் குழாயடிக்கு அழைத்துப் போன பிறகு.