ஆசைக்கு ஒரு இலக்கணம்

பாரிவாக்கத்தில் ஒருவர் ஸ்பானிஷ் பேசுகிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நான்தான். எனக்கு வராது!

மேற்படிப்புக்கு என் பெண் ஸ்பெயின் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் அந்த பாஷையிலேயே ஒரு வரி சொல்லி அசத்திவிடவேண்டும் என்று எனக்கு நப்பாசை. ராத்திரி அவள் நோட்டை எடுத்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

இந்த உட்கார்ந்துகொள்வதில்தான் சனி பிடித்தது.

அங்கே அதற்கு 'ஸென்தார்ஸே'. கடைசி 'ஸே' கிட்டத்தட்ட நம்ம 'கொள்' மாதிரி. ஆனால் நம்ம 'கொள்' யார் உட்கார்ந்தாலும் 'கொள்'தான். அவர்களுக்கு நான் என்றால் 'மே', நீ என்றால் 'தே', அவன் என்றால் 'ஸே', நாங்கள் என்றால் 'நோஸ்'. ரேஷன் கடை மாதிரி ஆளுக்கு ஒரு டோக்கன்!

போகட்டும் என்றால், நடுவில் இருக்கிற 'எ' உடைந்து 'இயெ' ஆகிவிடுகிறது. 'தே ஸியென்தாஸ்' என்றால் நீ உட்கார்கிறாய். நாங்கள், நீங்கள் என்றால் மட்டும் உடையாது.

“இதென்னம்மா அக்கிரமம்?”

“நாமளும் 'வா'ங்கறோம். அப்புறம் வந்தான், வருவான்னு மாத்தலையாப்பா?”

வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது ஆசை. நடக்கிற காரியத்துக்கு ஒரு உருவம். நடக்கணும் என்று ஆசைப்பட்டால் வேறு உருவம். 'நீ உட்காரணும்' என்றால் ஸியென்தாஸ், 'ஸியென்தேஸ்' ஆகிவிடும். ஆசைப்பட்டால் 'ஆ', 'ஏ' ஆகும் என்று உருப்போட்டுவிட்டு, 'உன் மனசு நல்லா இருக்கணும்' என்பதற்கு ஒரு வரி தயார் செய்தேன்.

“கியேரோ கே தே ஸியென்தேஸ் பியென்!”

பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒழுங்கா உக்காருன்னு சொல்றேப்பா!”

மனசு உணர்வதற்கு 'ஸென்தீர்ஸே' என்று வேறு வினையாம். அதில் எல்லாம் தலைகீழ். உணர்கிறாய் என்றால்தான் ஸியென்தேஸ்; உணரணும் என்று ஆசைப்பட்டால் ஸியென்தாஸ். அங்கே நடப்பது இங்கே ஆசை, இங்கே நடப்பது அங்கே ஆசை. போதாக்குறைக்கு, நாங்கள் உணரணும் என்றால் 'எ'யே காணாமல் போய் 'நோஸ் ஸின்தாமோஸ்'. ஓர் எழுத்து பிசகினால், வாழ்த்தப் போனவன் டிரில் மாஸ்டர் ஆகிவிடுகிறான்!

'ஸியென்தாஸ், ஸியென்தாஸ்' என்று பூந்தமல்லி போகும்போதெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்காரர் மந்திரம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அந்த நாளும் வந்தது. டிராலியைத் தள்ளிக்கொண்டு போனவள் வாசலில் திரும்பிப் பார்த்தாள். இதோ, சொல்லவேண்டிய நேரம். வாயைத் திறந்தேன்.

“வேளாவேளைக்கு சாப்பிடணும். நல்லா இருக்கணும்மா...”

“நீயும்தாம்பா நல்லா இருக்கணும்.”

நான், நீ, அவள், எல்லாருக்கும் நம்ம பாஷையில் ஒரே 'ணும்'. மனப்பாடம் பண்ணாமலே வந்துவிட்டது. மாறியது என் குரல்தான்.

“அவ போயாச்சு. வந்து கார்ல உக்காரணும், பார்க்கிங் சார்ஜ் ஏறுது” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.