வரியே இல்லாத வயல் பணத்தை ஏன் கருப்பாக்குறீங்க?

ஊர்ல அப்பா நிலத்தை விக்கப் போறார். மூணு மா நஞ்சை, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ மாசச் சம்பளத்துல இருக்கீங்க. நடவுக்கு ஆள் கிடைக்கல, அப்பாவுக்கும் வயசாச்சு. "வித்துட்டு அங்கயே ஒரு ஃபிளாட் வாங்கிக்கப்பா"ன்னு அவரே சொல்லிட்டார். தரகர் வர்றார், விலை படியுது. கடைசியில ஒரு பேச்சு வரும்: "பத்திரத்துல கைடுலைன் வேல்யூ போட்டுக்கலாம், மீதி கையில கொடுத்துடுறாங்க. உங்களுக்கும் வரி மிச்சம்."

அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையைப் பத்திதான் இந்தப் பதிவு. தஞ்சாவூர்ல உக்காந்து கணக்கு பார்க்கிற ஆடிட்டரா சொல்றேன்: டெல்டா கிராமத்துல வயல் விக்கிறவங்கள்ல பல பேருக்கு மிச்சப்படுத்துறதுக்கு வரியே கிடையாது. மிச்சம் வாங்குறவருக்கு. சிக்கல் மட்டும் உங்களுக்கு.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

வருமான வரிச் சட்டப்படி கிராமப்புற விவசாய நிலம் ஒரு "மூலதனச் சொத்து" ஆகாது. அதனால அதை வித்து வர்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்ல. 30 லட்சத்துக்கு வித்தாலும் சரி, 80 லட்சத்துக்கு வித்தாலும் சரி. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் இந்த அடிப்படை அப்படியேதான் இருக்கு.

"கிராமப்புறம்"னா எது? நிலம் 10,000 பேருக்கு மேல வசிக்கிற நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள்ள இருக்கக் கூடாது. பேரூராட்சியும் இந்தக் கணக்குல வரலாம், கவனம். எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரம் பார்க்கணும். ஊரோட மக்கள்தொகை 1 லட்சம் வரைக்கும்னா 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும்னா 6, அதுக்கும் மேலன்னா 8. தூரத்தை பஸ் போற ரோட்டுல அளக்கக் கூடாது, நேர்கோட்டுல அளக்கணும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2011 கணக்கெடுப்புல தஞ்சாவூருக்கு சுமார் 2.2 லட்சம் பேர், கும்பகோணத்துக்கு சுமார் 1.4 லட்சம். ரெண்டுக்கும் 6 கிலோமீட்டர். பட்டுக்கோட்டை, மன்னார்குடி மாதிரி ஊர்களுக்கு 2 கிலோமீட்டர். இந்த வட்டங்களைத் தாண்டிட்டா டெல்டாவுல எவ்வளவு வயல் மிச்சம் இருக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப கணக்கைப் போடுவோம்

ஒரு உதாரணம். பேசின விலை 30 லட்சம், கைடுலைன்படி 12 லட்சம். பத்திரத்துல 12 எழுதி, 18 லட்சம் ரொக்கமா கைமாறுது.

வாங்குறவருக்கு லாபம்: முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. 18 லட்சத்துக்கு 1.62 லட்சம் மிச்சம்.

உங்களுக்கு? நிலம் கிராமப்புறம்னா வரி 30 லட்சத்துக்கும் பூஜ்யம், 12 லட்சத்துக்கும் பூஜ்யம். ஒரு ரூபாய் மிச்சமில்ல. சட்டப்படி சுத்தமா இருந்த 18 லட்சத்துக்கு மட்டும் இப்ப ஆதாரம் இல்லாமப் போச்சு.

அந்தப் பணத்தை ஃபிளாட்டுக்கு எப்படிக் கொண்டு போவீங்க? பில்டர் செக் கேக்குறார், பேங்க் ஸ்டேட்மென்ட் கேக்குது. வேற வழியில்லாம அந்த 18 லட்சத்தை ஹோம் லோனா கூடுதலா வாங்குறீங்க. 8.5% வட்டி, 20 வருஷம்னா மாசம் சுமார் 15,600 ரூபாய் இஎம்ஐ. வட்டி மட்டும் மொத்தம் ஏறக்குறைய 19.5 லட்சம். ஊர்ல பீரோவுல 18 லட்சம் தூங்குது, இங்க 18 லட்சத்துக்கு நீங்க வட்டி கட்டுறீங்க. யாரோ ஒருத்தர் 1.62 லட்சம் மிச்சம் பிடிக்கிறதுக்காக!

சரி, அக்கவுண்ட்லயே போட்டுடலாம்னு போட்டா? விசாரணை வந்தா "நிலம் வித்த பணம்"னு சொல்வீங்க. அதிகாரி பத்திரத்தைக் கேப்பார். அதுல 12 லட்சம்தான் இருக்கு. விளக்கம் தர முடியாத பணத்துக்கு 2025-26 நிதியாண்டு வரைக்குமான விகிதம் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 78%. இது போக, நிலம் விக்கிறப்ப 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடமிருக்கு. ரெண்டு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, யாருக்கும் வரி கட்டுற அளவு வருமானம் இல்லாத நிலையில மட்டும் விலக்கு உண்டு.

6 கிலோமீட்டருக்குள்ள இருந்தா?

அப்ப வரி உண்டு. ஆனா பயந்துக்கிற அளவுக்கு இல்ல. தாத்தா காலத்து நிலம்னா 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம். அது அன்றைய கைடுலைனைத் தாண்டக் கூடாது. அது 2 லட்சம்னு வச்சுக்குவோம். 30 லட்சத்துக்கு வித்தா லாபம் 28 லட்சம். 12.5% வரி, செஸ் சேர்த்து 3.64 லட்சம். (இண்டெக்சேஷனோட 20% கட்டுற பழைய முறையும் 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கின நிலத்துக்கு இருக்கு. எது குறைவோ அது. இந்த உதாரணத்துல 12.5%தான் குறைவு.)

கடைசி ரெண்டு வருஷம் அதுல விவசாயம் நடந்திருந்து, லாபத்தை ரெண்டு வருஷத்துக்குள்ள வேற விவசாய நிலத்துல போட்டா அந்த வரியும் இல்ல. பணத்தை வீட்டுல போட்டாலும் நிபந்தனைகளோட விலக்கு உண்டு. ஆனா அந்த விலக்கு நிலத்தோட உரிமையாளர் பேர்ல வாங்குற வீட்டுக்குத்தான். நிலம் அப்பா பேர்ல இருந்து, வீடு உங்க பேர்ல வாங்கினா பிரச்சினை வரும். அதை முன்னாடியே ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க.

"வாங்குறவர் ஒத்துக்க மாட்டாரே!"

நியாயமான கேள்வி. என் பதில் ஒண்ணுதான்: அந்த 1.62 லட்சத்தை விலையில நீங்களே குறைச்சுக் கொடுங்க. 30-க்கு பதிலா 28.4 லட்சம், மொத்தமும் பேங்க் வழியா. அவருக்கு நஷ்டமில்ல. நாளைக்கு ஊர் வளர்ந்து அந்த நிலம் நகர எல்லைக்குள்ள வந்து அவர் வித்தார்னா, பத்திரத்துல இருக்கிற அதிக விலை அவருக்குத்தான் வரியைக் குறைக்கும். இதையும் சொல்லுங்க. அப்பவும் ரொக்கம்தான்னு பிடிவாதம் பிடிச்சா, பிரச்சினை அவர் பணத்துல இருக்கு. வேற ஆள் பாருங்க.

விக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க

1. தாசில்தார் ஆபீஸ்ல தூரச் சான்றுக்கு மனு கொடுங்க. வித்த பிறகு அலையாதீங்க.
2. பட்டா, சிட்டா, கடைசி சில வருஷ அடங்கல் நகல் எடுத்து வைங்க. குறுவை, சம்பா, தாளடின்னு பயிர் பதிவாகியிருக்கிறதுதான் விவசாய நிலம்ங்கிறதுக்கு சாட்சி.
3. நீங்களே மனை பிரிச்சு விக்கப் போறீங்கன்னா இந்த விலக்கை நம்பாதீங்க. அது வியாபாரக் கணக்குல போகலாம்.
4. பணம் அப்பா அக்கவுண்ட்டுக்கு வரட்டும். அவர் உங்களுக்கு பேங்க்ல அனுப்பினா அது பெற்றோர் தர்ற அன்பளிப்பு, உங்களுக்கு வரி இல்ல. ஒரு கடிதம் மட்டும் எழுதி வைங்க. கூடப் பிறந்தவங்களுக்கும் விஷயம் தெரியட்டும்.
5. அப்பா ரிட்டர்ன் தாக்கல் செய்றவர்னா, வரி இல்லாட்டியும் இந்த விற்பனையை அதுல காட்டுங்க.

மூணு தலைமுறை உழுது காப்பாத்தின நிலம். விக்கிற முடிவு உங்க குடும்பத்தோடது, அதுல நான் கருத்து சொல்லல. ஆனா அது பணமா மாறுறப்ப முழுசா, பேரோட, உங்க அப்பா கைக்கு வரணும். பதிவு ஆபீஸுக்குப் போறதுக்கு முந்தின நாள் இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட காட்டுங்க. நெல்லு விலையை மனக்கணக்காப் போட்டவர் அவர், ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சுக்குவார்.