துணைவனுக்குத் துணை யார்?

“ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கலாகாது” என்றார் வைத்தியர். என் குடலிலே கண்ட புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்ய நாள் குறித்தபோது அவர் கூறிய புத்திமதி அது. என் மனைவியின் நிறை 48 கிலோ. பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த அவளைக் கட்டிலிலிருந்து தூக்குபவன் ஏழாண்டுகளாக நானே. படுக்கைப்புண் வராதிருக்க இரவிலும் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

விடுதியிலே என் விபரங்களைப் பதிந்த தாதி, “உங்களுடன் நிற்பவர் யார், ஐயா?” என்று கேட்டார். மனைவி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்தவர்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இது புதினமன்று. அன்று நாளைத் தள்ளிவைத்துத் திரும்பினேன்.

என் வீட்டுத் துயரை மட்டும் நான் எழுதவில்லை. அங்கவீனருடைய உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. அவர்களுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. 2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ திட்டம் அங்கவீனருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் கொடுப்பனவு வகுத்தது. ஆக, என் மனைவிக்கு ஒரு கோப்பு உண்டு; வைத்தியசாலையில் எனக்கும் ஒன்று உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்தாம் இல்லை. பராமரிப்பவன் எண்ணப்படாதவன், ஆகையால் அவன் நோயுறுவான் என்பதும் எவர் கணக்கிலும் வருவதில்லை.

பிரித்தானியா 1976இலேயே பராமரிப்போருக்கு ஒரு கொடுப்பனவைத் தொடங்கியது. ஆயினும், மணமான பெண்களை 1986வரை அதிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. எப்படியும் வீட்டிலிருப்பவள்தானே என்ற எண்ணம்! அவ்வெண்ணம் நம்மிடையே சட்டமாக எழுதப்படாமலே நிலைத்திருக்கின்றது. கணவனைப் பார்ப்பதற்காகத் தன் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெண்ணை நாம் பொறுமைசாலி என்று புகழ்கிறோம். நானும் அப்படிப் புகழ்ந்தவனே.

பணம் வேண்டாமென்று சொல்லேன். ஆனால், இப்பொழுது வேண்டுவது ஆறு வாரங்களுக்கு இரண்டு கைகள். “உங்களை நம்பி வீட்டில் இருப்பவர் யார்?” என்று அனுமதிப் படிவம் ஒரு வரி கேட்கட்டும். அப்படி ஒருவர் இருந்தால், அயலிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் அவருக்கு ஒரு கட்டில் தற்காலிகமாகக் கிடைக்கட்டும். இதற்குப் புதிய மாளிகை எதுவும் கட்டவேண்டியதில்லை.

இரண்டாம் முறையும் நாளைத் தள்ளலாகாது என்கிறார் வைத்தியர். பகலில் வந்து பார்ப்பதாக அயல்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். இரவுக்கு இன்னும் ஆளில்லை.