அரை நூற்றாண்டாய் மாறாத கட்டளைகள்

1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு தயாரானது. அதிலிருந்த, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’, நகலெடுக்கும் ‘சிபி’, அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைகள் இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் வேலை செய்கின்றன. அன்று அவற்றைக் கற்றவர் இன்று ஒரு புதுக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டார். கணினித் துறையில் இவ்வளவு காலம் செல்லுபடியான அறிவு மிக அரிது.

கட்டளைகள் இரண்டெழுத்தில் அடங்கியதற்குக் காரணம், கணினியோடு பேசப் பயன்பட்ட டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். அக்காலத்தில் பரவலாக இருந்த மாடல் 33, விநாடிக்குப் 10 எழுத்துகளைக் காகிதச் சுருளில் தடதடவென்று அடிக்கும். அதற்கு மேல் அதன் வேகம் ஏறாது. விசையை அழுத்தவே விரலில் வலு வேண்டும். அதனால் கட்டளை சுருங்கியது. வேலை சரியாக முடிந்தால் இயந்திரம் பதிலே சொல்லாது. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலை முதன்முறை திறப்பவரை இன்றும் திகைக்க வைக்கும் அந்த மௌனம், காகிதத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடித்த காலத்தின் பழக்கம்.

கட்டளைக்குப் பதில் படங்களையும் மெனுக்களையும் காட்டும் படத்திரையும் சும்மா வந்துவிடவில்லை. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1973இல் உருவான ஆல்டோ கணினியின் திரைக்கு 606க்கு 808 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட். இருந்த 128 கிலோபைட் நினைவகத்தில் பாதியைத் திரையே விழுங்கியது. அந்தத் துணிச்சல்தான் 1984இல் மேகின்டாஷாகவும், பிறகு விண்டோஸாகவும் வீடுகளுக்குள் வந்தது. கட்டளை ஒன்றுகூடத் தெரியாத கோடிக்கணக்கானோர் கணினியைத் தொட்டது அதனால்தான். புள்ளிகளால் ஆன திரையில் எந்த மொழியின் எழுத்தையும் வரையலாம். தமிழுக்கு அது பெரிய விடுதலை.

ஆனால் படத்திரையில் கற்றது நிலைப்பதில்லை. 2007இல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் மெனுக்கள் ரிப்பனாக மாறின. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டு, மறு ஆண்டு திருப்பிக் கொடுத்தது. எது எங்கே இருக்கிறது என்று கை பழகியிருந்த அலுவலக ஊழியர்கள் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அந்த உழைப்பை யாரும் கணக்கில் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். கட்டளையையோ ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவர் அப்படியே அடித்தால் அதே வேலை நடக்கும். பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்தி, கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸில் சேர்த்த ‘பைப்’ வந்தபின், ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்கு ஊட்டி, எந்த மெனுவிலும் இல்லாத வேலையைக்கூட வாங்க முடிந்தது. ஆயிரம் கோப்புகளுக்குப் பெயர் மாற்ற ஒரே வரி போதும். கட்டளையால் வேலை வாங்கும் இந்தத் திறன் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கைவர வேண்டும்.

ஆனால் அதைத் தமிழில் செய்யப் போனால், அங்கேதான் பழைய டெலிடைப் குறுக்கே நிற்கிறது. எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற அதன் கணக்கை டெர்மினல் இன்னும் விடவில்லை. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ககரம். பல டெர்மினல்களில் இவை பிரிந்தோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நிற்கும். டெர்மினல் நிரல்களில் பலவற்றின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் திருத்தலாம். எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் பாடுபட்ட தமிழ்க் கணிமையாளர்கள் இதையும் கையில் எடுக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளை தன் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், ‘எல்எஸ்’ அதைச் சிதைக்காமல் காட்ட வேண்டும்.