பிரேக் பிடிக்கவில்லையா, ஓட்டத் தெரியவில்லையா?

மலைப்பாதையில் ஒரு சுற்றுலா வேன் கவிழ்ந்தால் மறுநாள் செய்தியில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்தது. படிப்பவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவார்கள். ஏதோ பிரேக்குக்கு வயது முடிந்து அதுவாகவே உயிரை விட்டது மாதிரி!

33 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். அதில் 20 வருடத்துக்கு மேல் மலைத் தடம்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை பிரேக் தானாகச் சாவதில்லை. ஓட்டுகிறவர் அதைக் கொல்கிறார். மலை உச்சியில் கொல்ல ஆரம்பித்து, பாதி வழியில் கொன்று முடிக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1500 மீட்டர். 5 டன் எடையுள்ள வேன் ஒன்று இந்த உயரத்தை இறங்கும்போது விடுகிற சக்தி, நம் வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் ஏறத்தாழ 20 யூனிட். அதாவது 20 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் வருகிற சூடு. இந்தச் சூட்டை எதன் தலையில் ஏற்றுவது என்பதுதான் மலை இறங்கும் வித்தை. கீழ் கியரில் வந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ வந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், அத்தனையும் நாலு சக்கரத்தின் பிரேக்கில்தான் இறங்கும். லைனிங் கருகி வாடை வரும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். அப்புறம் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த நேரத்தில் "ஐயோ, பிரேக் பிடிக்கல" என்று கத்தி என்ன பயன்?

நான் தடத்துக்கு வந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய மூத்த ஓட்டுநர் எனக்குச் சொன்ன பாடம் ஒரே வரி: "எந்த கியர்ல ஏறுனயோ, அந்த கியர்லயே இறங்கு தம்பி." அவர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். இந்த ஒரு வரி தெரியாமல் பெரிய படிப்புப் படித்தவர்கள் லட்சக்கணக்கில் விலை போட்ட வண்டியில் வருகிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு மோகம் வந்திருக்கிறது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த கேரவன் வண்டி. வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவது. பக்கத்து மாநிலம் கேரளாவில் 2021ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் அறிவித்தார்கள். நம் பக்கமும் வாடகைக்குக் கிடைக்கிறது. சமவெளியில், அகலமான சாலையில் போகட்டும், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. வயதானவர்களை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வசதியான வண்டிதான். ஆனால் அதைக் கொண்டுவந்து கொண்டை ஊசி வளைவில் நுழைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

காரணம் எளிது. நீளமான வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதனால் முன்பக்கத்தை எதிர்த் திசைச் சாலை வரை கொண்டுபோய்த் திருப்பினால்தான் வளைவு கிடைக்கும். நீலகிரித் தடத்தில் ஓடும் அரசுப் பேருந்துகளைக் கவனித்திருப்பீர்கள், சமவெளிப் பேருந்தைவிடக் கட்டையாக இருக்கும். அது சிக்கனத்துக்காகச் செய்ததல்ல. கேரவனில் இன்னொரு தொல்லை, மேல்பாரம். கூரை உயரம், உள்ளே தண்ணீர்த் தொட்டி, அலமாரி. வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி வெளிப்பக்கம் சாய்கிற சாய்வைப் பின்னால் வருகிறவன் கண்ணால் பார்க்கலாம்.

போன கோடையில் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். மேலிருந்து இப்படி ஒரு வண்டி வந்து வளைவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் எடுக்கவும் அந்தப் பையனுக்குத் தைரியம் இல்லை. இரண்டு பக்கமும் வண்டி சேர்ந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ், சைரன் போட்டது போட்டபடி நிற்கிறது. கடைசியில் எங்கள் பேருந்து ஓட்டுநர் இறங்கிப் போய், அந்தப் பையனை நகரச் சொல்லிவிட்டு, தானே அந்த வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி விட்டார். 20 நிமிடம் போயிற்று. ஆம்புலன்ஸில் இருந்தது யார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மலையில் இருப்பவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் கோயம்புத்தூர்தான், அதற்கு இதே சாலைதான் என்பது தெரியும். சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இது ஒரு நாள் பாதை. கோத்தகிரிக்காரருக்கும் குன்னூர்க்காரருக்கும் இதுதான் பிரசவத்துக்கும் மாரடைப்புக்கும் போகிற பாதை.

இதைப் பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் சொன்னேன். "என்னங்க மாமா, இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கறீங்க. இப்ப வர்ற வண்டியில எல்லாம் ஏபிஎஸ் இருக்குது, ஆட்டோமேட்டிக் கியர் இருக்குது" என்றான். ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். சூடான பிரேக்கைக் குளிர வைக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கீழ் கியரைப் பிடித்து வைக்க வழி இருக்கிறது. கியர் கம்பியில் எல், எஸ், எம் என்று வண்டிக்கு வண்டி எழுதியிருக்கும். "அது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "டி-யில போட்டா அதுவே பார்த்துக்கும் மாமா" என்றான். அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இறங்குகிறவர்களைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"சுற்றுலாதானே மலைக்குச் சோறு போடுகிறது, வருகிறவர்களை விரட்டலாமா?" என்று கேட்பார்கள். நான் யாரையும் வராதே என்று சொல்லவில்லை. தெரியாத வண்டியைத் தெரியாத பாதையில் ஓட்டாதே என்கிறேன். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் வரலாம். மலை ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாம். அதில் நாலு குடும்பத்துக்குச் சோறும் கிடைக்கும்.

"சாலையை அகலப்படுத்த வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. மலையின் அடிவாரத்தை வெட்ட வெட்ட, மேலே இருக்கும் மண் பிடிமானம் இழந்து இறங்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். வண்டிக்குத் தகுந்தபடி மலையை வெட்ட முடியாது. மலைக்குத் தகுந்த வண்டியைத்தான் கொண்டுவர வேண்டும்.

ரயில்காரர்களைப் பாருங்கள். 1899ல் குன்னூர் வரை ரயில் விட்டபோதே, 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வருகிற பாதைக்கு நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் போட்டார்கள். இன்ஜினைப் பள்ளத்துப் பக்கம் வைத்தார்கள். பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஆள் வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. அத்தனை பயபக்தி அவர்களுக்கு. நாம் என்ன செய்கிறோம்? சமதரை மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டியவருக்கு உரிமம் கொடுத்து, அதே அட்டையை வைத்துக்கொண்டு 14 கொண்டை ஊசி வளைவுள்ள குன்னூர்ப் பாதையும் போகலாம், 40 வளைவுள்ள வால்பாறையும் போகலாம், 70 வளைவுள்ள கொல்லிமலையும் போகலாம் என்கிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 36 வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் மசினகுடிக்கு இறங்கத் தடை இருக்கிறது. கைபேசி வரைபடம் அதுதான் குறுக்கு வழி என்று காட்டும். கூடலூர் சுற்றிப் போனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம். ஆனாலும் அந்தத் தடை நியாயமானது. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வதும் நல்ல ஏற்பாடு. 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. அதில்தான் எனக்குக் குறை. எத்தனை வண்டி என்று எண்ணுகிறார்கள். யார் ஓட்டுகிறார், இதற்கு முன் மலை இறங்கியிருக்கிறாரா என்று கேட்பாரில்லை. ஆயிரம் வண்டி வந்தாலும் ஓட்டத் தெரிந்தவர்கள் வந்தால் நெரிசல்தான் ஆகும். தெரியாதவர் ஒருவர் வந்தால் போதும், எதிரே வருகிற பேருந்தில் இருக்கும் 50 பேருக்கும் ஆபத்து.

நான் கேட்பது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. கேரவன் போன்ற நீள வண்டிகளுக்கு அடிவாரத்திலேயே நிறுத்த இடம் ஒதுக்கி, அதற்கு மேல் தடை போடட்டும். சுற்றுலா வேன், பேருந்து ஓட்டுநருக்கு மலைப் பயிற்சிச் சான்று கேட்கட்டும். சான்று இல்லாவிட்டால் அடிவாரத்தில் உள்ளூர் ஓட்டுநர் ஏறட்டும். இறங்கும் வழியில், இரண்டு இடத்தில் கனரக வண்டிகள் பத்து நிமிடம் நின்று பிரேக் ஆறிய பிறகே போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தட்டும். வாடகைக்கு வண்டி விடுகிறவர்கள், சாவியைக் கொடுக்குமுன் கீழ் கியரை எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுக்கட்டும்.

சட்டம் வரும் வரை காத்திருக்காமல் நாமும் ஒன்று செய்யலாம். நம் பிள்ளைகளும் பேரன்களும்தான் விடுமுறைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கிளம்புமுன் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதே, நியூட்ரலில் விடாதே. ஏறுகிற வண்டிக்கு வழி விடு, குறுகலான இடத்தில் இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சாலை விதி. வண்டி நின்றுவிட்டால் சக்கரத்துக்குக் கல் வை, கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போ. அதை நடுவில் விட்டுவிட்டுப் போனால் இருட்டில் பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரன் உயிர் போகும். கருகல் வாடை வந்தால் "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதே, அகலமான இடத்தில் நிறுத்து, அரை மணி நேரம் டீ குடி.

கிழவன் தொணதொணக்கிறான் என்பார்கள். சொல்லட்டும். அவர்கள் வண்டி நல்லபடியாகத் திரும்பி வாசலில் வந்து நின்றால் அது போதும் நமக்கு.