ஒரு தாள் கூடினாலும் தப்பு... குறைந்தாலும் தப்பு! தாள்களை செட் சேர்க்கும் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வினாத்தாளின் முதல் பக்கத்தில், கேள்விகள் தொடங்குவதற்கு முன்பே ஓர் அறிவுரை இருக்கும். எல்லா வினாக்களும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், குறை இருந்தால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லுங்கள் என்பதுதான் அது. டி.என்.பி.எஸ்.சி வினாத்தொகுப்பு ஒரு படி மேலே போய், வினாக்கள் வரிசையாக இருக்கின்றனவா, இடையில் வெற்றுத்தாள் ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லும்.

தேர்வுப் பதற்றத்தில் பலர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள். 'இவ்வளவு பெரிய தேர்வில் பக்கம் விட்டுப்போகுமா என்ன?' என்று தோன்றும். போகலாம். ஏன் என்று தெரிய, அச்சகத்தில் தாள்கள் எப்படி செட் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மேஜையைச் சுற்றி நடந்த காலம்

20 தாள் கொண்ட ஒரு புத்தகம். 1,000 பிரதி வேண்டும். அச்சு முடிந்ததும் கையில் இருப்பது 1,000 புத்தகங்கள் அல்ல. முதல் தாள் 1,000, இரண்டாம் தாள் 1,000 என்று 20 கட்டுகள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒவ்வொரு தாளாக எடுத்து வரிசையாகச் சேர்த்தால்தான் ஒரு புத்தகம். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'கொலேட்டிங்' என்று பெயர்.

இதைக் கையால் செய்வதானால், நீளமான மேஜையில் கட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றி நடந்தபடியே ஆளுக்கு ஒரு செட் சேர்ப்பார்கள். விரலில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டு 'ஒன்று, ஒன்று, ஒன்று' என்று எடுத்துப்போக வேண்டும். சிறிய அச்சகங்களில் இப்போதும் இதுதான் முறை.

இயந்திரம் செய்வதும் அதையேதான்!

தாள் சேர்க்கும் இயந்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, அல்லது பக்கத்தில் பக்கத்தில் பல தட்டுகள் இருக்கும். ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக ஆளுக்கு ஒரு தாளை வெளியே தள்ளினால், அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரு செட் ஆகிவிடும். பிறகு ஓரங்களைத் தட்டிச் சமன்செய்து, பின் அடித்து, மடித்து அனுப்பும் கருவிகளையும் இதனுடன் இணைக்க முடியும்.

தாளை எடுப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ரப்பர் உருளை மேல் தாளைத் தேய்த்து இழுக்கும். இன்னொன்று, சிறு துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சித் தாளைப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் ரப்பர் உருளை வழுக்கும், அச்சைத் தேய்த்துக் கறையாக்கவும் செய்யும். அங்கே காற்றுதான் கைகொடுக்கும்.

எடுப்பது சுலபம். 'ஒன்றே ஒன்று' எடுப்பதுதான் கஷ்டம். மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து வளைந்துவிடும். வறண்ட காற்றில் நிலைமின்சாரம் ஏறி, தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். தட்டில் வைப்பதற்கு முன் கட்டை விசிறி மாதிரி விரித்து உதறுவது இதற்காகத்தான். தாள்களுக்கு நடுவே காற்று புகுந்தால்தான் அவை தனித்தனியாகப் பிரியும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு தட்டு 1,000 முறையில் 999 முறை சரியாக ஒரே தாளைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அருமையான வேலைதான். ஆனால், 20 தட்டும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் செட் சரி. கணக்குப் போட்டால், 100 செட்டில் சுமார் 2 செட் தப்பாகிவிடும். 1,000 புத்தகத்துக்குச் சுமார் 20! இவ்வளவு சிறிய பிழையே தட்டுகள் கூடக் கூட இப்படிப் பெருகுகிறது.

அதனால்தான் இந்த இயந்திரங்களில் எடுக்கும் கையைவிடக் கண்காணிக்கும் கண்ணுக்கு மதிப்பு அதிகம். தாள் வராமல் போனால், அதைப் பார்க்கக் காத்திருக்கும் சென்சார் உடனே ஓட்டத்தை நிறுத்திவிடும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால்? தாளின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் சென்சார். இரண்டு தாள் வந்தால் ஊடுருவும் வெளிச்சம் குறையும். கெட்டி அட்டையிலும் கறுப்பாக அச்சான தாளிலும் இந்த வித்தை எடுபடாது. அப்போது ஒலி அலை உதவும். காதுக்குக் கேட்காத ஒலி ஒரு தாளைக் கடந்து போய்விடும். இரண்டு தாளுக்கு நடுவே உள்ள மெல்லிய காற்று அடுக்கு அதைப் பலவீனப்படுத்திவிடும்.

பல இயந்திரங்களில், முதலில் ஓடும் தாளைத்தான் 'சரியான அளவு' என்று சென்சார் மனதில் வைத்துக்கொள்ளும். அந்த முதல் தாளே இரண்டாக வந்துவிட்டால், பிறகு தப்பே சரி ஆகிவிடும். முதல் செட்டை ஓர் ஆள் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

பில் புக்கில் வரும் வில்லங்கம்

வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள் கொண்ட பில் புக் பார்த்திருப்பீர்கள். சரக்கு விற்பனைக்கான ஜி.எஸ்.டி பில் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். வாங்குபவருக்கு ஒன்று, சரக்கைக் கொண்டுபோகிறவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

இங்கே வெள்ளைத் தட்டில் ஒரே ஒரு முறை தாள் வராமல் போய், அதை யாரும் கவனிக்கவில்லை என்றால், அந்த ஒரு செட்டோடு முடியாது. அடுத்த செட்டில் வெள்ளை 101, ரோஸ் 102 என்று ஆகும். அதற்கடுத்து 102-க்கு 103. கட்டு முடியும்வரை எல்லாமே ஓர் எண் தள்ளிப்போய்விடும். கடைக்காரர் கையில் ஒரு நம்பர், வாடிக்கையாளர் கையில் வேறு நம்பர்!

தட்டைக் குறைக்கும் தந்திரம்

பிழையைக் குறைக்க இன்னொரு வழி, சேர்க்க வேண்டிய எண்ணிக்கையையே குறைப்பது. பெரிய தாளில் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 8 என்று 16 பக்கங்களை அச்சிட்டு, மூன்று முறை மடித்தால் பக்கங்கள் தாமாகவே வரிசையில் நிற்கும். இதற்கு அச்சகத்தில் 'ஃபாரம்' என்று பெயர். 160 பக்கப் புத்தகத்துக்கு 80 தாள்களுக்குப் பதில் 10 ஃபாரம் சேர்த்தால் போதும். சீட்டுக்கட்டும் அப்படித்தான். கட்டில் உள்ள சீட்டுகளை எல்லாம் ஒரே பெரிய தாளில் அச்சிட்டு, வரிசை மாறாமல் வெட்டி அடுக்கிவிடலாம்.

ஃபாரங்களைச் சேர்க்கும்போது ஓர் அழகான காவல் உண்டு. ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகு மடிப்பிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். முதல் ஃபாரத்தில் மேலே, அடுத்ததில் சற்றுக் கீழே என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் சேர்ந்ததும் முதுகில் படிக்கட்டு தெரியும். ஒரு படி காணவில்லை என்றால் ஒரு ஃபாரம் இல்லை. ஒரே படி இரண்டு முறை இருந்தால் ஒன்று கூடுதல். எழுத்துகூட வாசிக்க வேண்டாம், ஒரே பார்வை போதும்.

இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்று

சாதாரண சென்சார் தாளை எண்ணும். வாசிக்காது. ஆறாம் பக்கத் தட்டில் யாரோ ஏழாம் பக்கக் கட்டை வைத்துவிட்டால், அது சந்தோஷமாக எல்லாச் செட்டையும் தப்பாகவே சேர்த்துக்கொண்டிருக்கும். கேமரா வைத்து ஒவ்வொரு தாளின் படத்தையும் ஒப்பிடும் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால், தாளை இயந்திரத்தில் வைப்பது மனிதக் கைதான்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க மட்டும் முதலில் 10 நிமிடம் தருகிறார்கள். அதில் முதல் ஒரு நிமிடத்தைப் பக்க எண்களுக்கும் வினா எண்களுக்கும் கொடுங்கள்.

* தனித்தனித் தாள்களாக அடுக்கி, நடுவில் பின் அடித்து மடித்த புத்தகம் என்றால், ஒரு தாள் போனால் இரண்டு இடத்தில் பக்கம் காணாமல் போகும். 32 பக்கப் புத்தகத்தில் 3, 4 இல்லையென்றால் 29, 30-உம் இருக்காது. நடுப்பக்கத்தைத் திறந்தால் 16-உம் 17-உம் எதிரெதிரே இருக்க வேண்டும்.

* பில் புக் வாங்கினால் முதல், நடு, கடைசி பில்களில் மூன்று நிறத் தாள்களிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள்.

* வீட்டு பிரின்டரில் 5 பக்கத்தை 30 பிரதி எடுக்கும்போது 'கொலேட்' என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். இல்லையென்றால் முதல் பக்கமே 30 வரும். பிறகு மேஜையைச் சுற்றி நடக்க வேண்டியது நீங்கள்தான்!

செட்டில் ஒரு தாள் குறைந்தால் அச்சகத்துக்கு அது ஆயிரத்தில் ஒன்று. அந்தப் புத்தகம் கையில் கிடைத்த மாணவருக்கு, அது பார்க்காமலே போன கேள்விகள். அதனால், எழுத ஆரம்பிக்கும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.